பெரியப்பா பார்த்த கொச்சி

எங்கள் வீட்டுக்கு வந்துபோன விருந்தாளிகளில் கொச்சியில் எதையுமே பார்க்காமல் திரும்பிப் போனவர்கள் என் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். அந்தப் பழியை வெகுநாள் நானே சுமந்துகொண்டு திரிந்தேன். ஏனென்றால் ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என்னிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

நாங்கள் மட்டாஞ்சேரியில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சொந்த ஊர் கம்பத்துக்குப் பக்கம். மீசை அரும்பும் வயதில் ஏலக்காய் மூட்டைகளோடு லாரியில் மலையேறி இறங்கி வந்தவர், இங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்து அப்படியே தங்கிவிட்டார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மட்டாஞ்சேரியில்தான். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம். பேசச் சொன்னால் இரண்டையும் பிசைந்து பேசுவேன். எழுதச் சொன்னால் மலையாளம்தான் வரும். ஆனால் ஊர்ப் பெருமை மட்டும் எனக்கு எக்கச்சக்கம். கப்பலும் அரண்மனையும் சீன வலையும் என் சொந்தச் செலவில் செய்துவைத்தவை என்பது போலத்தான் பேசுவேன்.

அப்பாவும் பெரியப்பாவும் ஐந்து வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அம்மா அடுப்படியில் முணுமுணுத்ததை வைத்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அப்பத்தா செத்தபோது அப்பா தாமதமாகப் போனார். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். இளைய மகனுக்காகப் பொழுது சாய்கிற வரைக்கும் பாடையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, கடைசியில் பெரியப்பாவே கொள்ளி வைத்தார். அப்பா போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. அப்பா ஏதோ காரணம் சொன்னாராம், அதைப் பெரியப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லையாம். அன்றைக்கு ஏலக்காய் ஏலம் இருந்திருக்கும், வியாபாரத்தை விட்டுவிட்டு வர மனசு வந்திருக்காது என்று பங்காளி ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்ல, ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. தீபாவளிக்கு அம்மா பலகாரம் சுடும்போதெல்லாம் அப்பா காரணமில்லாமல் கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போய்விடுவார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தது பெரியம்மாவின் போன் ஒன்றுதான். அவள் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடுவதற்குள் கடலைப் பார்த்தாக வேண்டும் என்று சோறு போடும்போதும் சொல்லி, தூங்கப் போகும்போதும் சொல்லி, ஒரு வருடத்தில் பெரியப்பாவைப் பணியவைத்துவிட்டாள். அவரும் ஒரு நிபந்தனையோடுதான் பணிந்தார். 'ஊரைப் பார்க்கத்தான் வர்றேன், யாரையும் பார்க்க வரலை' என்றாராம். பெரியம்மா அதை அம்மாவிடம் சொல்ல, அம்மா அதை அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்தாள். அப்பாவுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவர்கள் வர முடிவு செய்தது ஆடி மாதம். கம்பம் பக்கம் ஆடி என்றால் காற்றும் கொஞ்சம் சாரலும்தான். மேலுக்கு இதமாக இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் சாரலென்றால் இந்தப் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஆனால் இந்த மாதம் வேண்டாம் என்று சொன்னால் வரவே வேண்டாம் என்று சொன்னதாகிவிடுமோ என்று பயந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல மாசம்தான், நல்ல மாசம்தான் என்று இரண்டு முறை சொல்லி வைத்தார்.

அம்மா என்னைக் கூப்பிட்டு வேலையைச் சொன்னாள். காலையில் கிளப்பிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் சும்மா உட்காரும்படி மட்டும் விட்டுவிடக் கூடாது. சும்மா உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் பழசு வரும். எனக்கு அதெல்லாம் பாதிதான் புரிந்தது. நான் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து, மலையாளத்தில் வரிசையாக எழுதினேன். அரண்மனை, யூதர்கள் தொழும் பள்ளி, படகு, மீன் பிடிக்கும் சீன வலை, கடல், கப்பல், அப்புறம் இடப்பள்ளியில் புதிதாகத் திறந்திருந்த பெரிய மாலில் தானாக ஏறும் படிக்கட்டு. அந்தத் தாளைப் பார்த்த அப்பா என் தலையைத் தடவிவிட்டு, கடைசியில் ஐஸ்கிரீமையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார்கள். பெரியப்பா நல்ல உயரம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர்கள் கொண்டுவந்த பன்னீர் திராட்சைக் கூடை வழியெல்லாம் நனைந்து, அடியில் நசுங்கிப் படிக்கட்டு முழுக்கச் சொட்டியது. அப்பா கூடையை வாங்கக் கை நீட்டினார். பெரியப்பா அதை என்னிடம் கொடுத்தார். நான் அதை அப்பாவிடம் கொடுத்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. பெரியப்பா எதைச் சொல்ல வேண்டுமானாலும் என்னிடம் சொல்வார். உங்கப்பாவைக் கேளு தாயி, இங்கே குடிதண்ணீர் எங்கேயிருந்து வருது? அப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொல்வேன், அப்பா எனக்குப் பதில் சொல்வார், நான் பெரியப்பாவுக்குச் சொல்வேன். தபால்காரி வேலை எனக்குப் பிடித்திருந்தது. சில சமயம் என் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் முன்னால் நடக்க, பெரியப்பா, பெரியம்மா, என்னைப் போலவே லீவு போட்டிருந்த அப்பா எல்லோரும் குடையோடு அரண்மனைக்குப் போனோம். கதவு சாத்தியிருந்தது. காவலாளி குடைக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டி ஒரு பலகையைக் காட்டினார். வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் அந்தப் பக்கமாகத்தான் தினமும் பள்ளிக்கூடம் போவேன். அந்தப் பலகையை அன்றுதான் படித்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று பெரியப்பா உண்மையான ஆவலோடு கேட்டார். ராஜா படுத்த கட்டில் இருக்கும் என்றேன். நீ பார்த்திருக்கிறாயா என்றார். பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மட்டாஞ்சேரியில் பிறந்தவர்கள் யாரும் அரண்மனைக்குள் போவதில்லை. அது வெளியூர்க்காரர்களுக்கு என்று விட்டுவிடுவோம். அங்கிருந்து யூதர்களின் பள்ளிக்குப் போனோம். அங்கே வெள்ளியும் திறப்பதில்லை, சனியும் திறப்பதில்லையாம். திரும்பி வரும்போது ஜும்மா நேரம், கடைத்தெருவிலும் பாதி கதவு சாத்திக் கிடந்தது. பெரியம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்து, கதவெல்லாம் நல்ல தேக்கு என்று சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை படகு. படகுத்துறையில் காற்று அடித்த அடியில் குடை மேல்நோக்கி மடிந்துகொண்டது. இன்றைக்குப் படகு ஓடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். சரி, கடலாவது பார்க்கலாம் என்று ஆட்டோ பிடித்துக் கோட்டைக் கொச்சிக் கரைக்குப் போனோம். அங்கேயும் கயிறு. கிட்டே போகக் கூடாது என்று ஒருவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். சீன வலைகளையெல்லாம் தூக்கிக் கட்டிவிட்டார்கள். மழை வெள்ளைச் சீலை விரித்தது போல முன்னால் நின்றது. ஆட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பெரியம்மா, கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நான் அந்த வெள்ளைக்குள் கையைக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சத்தம் நன்றாகக் கேட்கிறது என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, மழை என்ன செய்யும், அதுவும் நம்மளைப் பார்க்க வந்திருக்கு என்று சொன்னாள். நல்ல மனுஷி.

ஞாயிற்றுக்கிழமை இடப்பள்ளி. பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதில் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடிபட உட்கார வேண்டியதாயிற்று. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், ஒருவர் கண்டக்டரைப் பார்த்தார். நடுவில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு தபாலும் இல்லை. தோப்பும்படியைத் தாண்டியதும் ரோட்டில் முட்டளவு தண்ணீர். பஸ் திரும்பிவிட்டது. தானாக ஏறும் படிக்கட்டும் போயிற்று, ஐஸ்கிரீமும் போயிற்று. என் தாளில் இருந்த எட்டில் ஒன்றுகூட நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் டிவியில் அந்தச் செய்தி வந்தது. நாளைக்கு மாநிலம் முழுக்க ஹர்த்தால், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. எங்கேயோ யாரையோ யாரோ அடித்துவிட்டார்கள். ஹர்த்தால் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் பழக்கதோஷத்தில் குதித்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடம் இல்லாத நாள். பெரியவர்களுக்குக் கோழிக்குழம்பு நாள். செய்தி வந்த பத்தாவது நிமிஷம் கோழிக்கடையில் வரிசை நிற்கும். ஆனால் அன்று எங்கள் வீட்டில் யாரும் பையை எடுக்கவில்லை. அம்மா டிவியை அணைத்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் பெரியப்பா ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை திராட்சை வெட்ட ஆள் வருகிறது, அவர் இல்லாமல் நடக்காது. பத்து மணிக்கு மேல் பஸ் விடுவார்கள் அல்லவா என்று என்னிடம் கேட்டார். விட மாட்டார்கள் என்றேன். அவர் மூக்காலே சிரித்தார்.

"எங்க ஊர்லயும்தான் பந்த் நடக்குது. முன்கதவை மூடிட்டுப் பின்கதவுல டீ ஆத்துவாய்ங்க. ஒரு ஊர்னா முழுசா அடைக்க முடியுமா தாயி? இதையேதான் முன்னாடியும் சொன்னாய்ங்க."

முன்னாடி யார், எப்போது சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தபாலைக் கொண்டுபோவதற்காக அப்பா பக்கம் திரும்பினேன். அவர் எழுந்து மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார். அம்மா வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கோழி வாங்கக் கிளம்பினாள். பெரியம்மா திராட்சைக் கூடையைக் கவிழ்த்து வைத்து, அழுகியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நம்ம திட்டமெல்லாம் வீணாகிவிட்டது என்று நான் அவளிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள்.

காலையில் பெரியப்பா குளித்து, திருநீறு பூசி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பெரியம்மாவைத் தயாராக இருக்கச் சொன்னார். தானே போய்ப் பார்த்து ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறாராம். அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கண்ணாலேயே அவரை உட்காரவைத்தாள். "போய்ப் பார்த்துட்டே வரட்டும்" என்று சொல்லி, வீட்டில் இருந்த ஒரே நல்ல குடையை என் கையில் கொடுத்து, நீயும் கூடப் போ என்றாள். ஹர்த்தால் அன்று என்னை வாசலுக்குக்கூட விடாத அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு ஒரு வைராக்கியம் இருந்தது. மூன்று நாளாகச் சாத்திய கதவுகளையே காட்டிவிட்டேன். இன்றைக்கு ஒரு கடையாவது, ஒரே ஒரு கடையாவது திறந்திருப்பதைப் பெரியப்பாவுக்குக் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பம் போய் எங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்வார்?

கடைத்தெரு முழுக்கக் கிட்டங்கிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. கைவண்டி இல்லை, லாரி இல்லை. ஈரத்தில் சுக்கு வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது. வழக்கமாக எங்கள் ஊர் ஆடுகள் ஹாரன் சத்தத்துக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கும். அன்று நடுரோட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தன. பெரியப்பா ஒரு ஆட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த சாயாக்கடை ஒன்று உண்டு; எந்த நாளிலும் அடைக்காத கடை என்று நம்பி அங்கே கூட்டிப்போனேன். முன்னால் பலகை சாத்தியிருந்தது. பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். மாடி ஜன்னலிலிருந்து கடைக்காரர் தலையை நீட்டி, "இன்னு ஹர்த்தாலல்லே, மோளே" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பின்கதவும் பூட்டியிருக்கிறதா என்று பெரியப்பா தானே போய்க் கையால் தள்ளிப் பார்த்தார்.

பஸ் நிற்கிற இடத்தில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தோப்பும்படி வரைக்கும் நடந்தோம். பெரியப்பா நீண்ட காலால் எட்டு வைத்தார், நான் ஓடினேன். மருந்துக்கடை ஒன்று திறந்திருந்ததைப் பார்த்து உற்சாகமாகக் காட்டினேன், அவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாலத்துக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கொடியோடு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கூட்டரில் வந்த ஒருவரை நிறுத்தி, சக்கரத்தில் காற்றை இறக்கிவிட்டார்கள். அந்த ஆள் சண்டை போடவில்லை. தள்ளிக்கொண்டு வந்த வழியே போனார். பெரியப்பா அதை நின்று பார்த்தார்.

அதற்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் ஆட்டோ ஒன்று, மேலே பாலித்தீன் தாள் மூடி நின்றது. அதன் சொந்தக்காரர் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் பேக்கரியில் வேலை பார்த்தவராம், தமிழ் பேசினார். எர்ணாகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா என்று பெரியப்பா கேட்டார். அங்கே போய் என்ன பிரயோஜனம், பஸ்ஸே ஆறு மணிக்கு மேல்தான் என்றார் அவர். அவசரம் என்றால் என்று பெரியப்பா விடாமல் கேட்டார். ஆஸ்பத்திரி என்றால் விடுவார்கள் என்றார். பெரியப்பா அவர் பக்கமாகக் குனிந்தார்.

"சாவுன்னா?"

அந்த மனிதர் பேப்பரை மடித்தார். யார் செத்தது என்று மெதுவாகக் கேட்டார். யாருமில்லை, சும்மா கேட்டேன் என்றார் பெரியப்பா. பக்கத்தில் என்றால் கருப்புக் கொடி கட்டிக்கொண்டு போய்விடலாம், எங்கே போக வேண்டும் என்றார் அவர். கம்பம் என்றார் பெரியப்பா.

"குமுளி மலை ஏறியா? அது முடியாது அண்ணா. இருபது இடத்துல நிறுத்துவாங்க. இருபது பேருக்குப் பதில் சொல்லி, கண்ணாடியும் போயி... ஒரு டிரைவர் வர மாட்டான். சொந்த அம்மையா இருந்தாலும் ஆறு மணி வரைக்கும் இங்க நின்னு அழவேண்டியதுதான்."

யாருமே சாகாதபோது பெரியப்பா எதற்காகச் சாவைப் பற்றி விசாரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு எங்கள் ஊர் மழை ஒத்துக்கொள்ளாமல் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பூட்டிய கடை ஒன்றின் சார்ப்பின் கீழ் ஒதுங்கினோம்.

அப்போதுதான் அப்பா வந்தார். குடை இல்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்களைக் கண்டதும் சார்ப்புக்கு வெளியிலேயே, மழையிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரலாமா என்று தெரியாதவர் போல நின்றார்.

பெரியப்பா அவரைப் பார்த்து, நேராக அவரையே பார்த்து, கேட்டார்.

"அன்னைக்கு உனக்குப் போன் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

நான் தபாலைக் கொண்டுபோக வாயைத் திறந்துவிட்டு, திறந்தபடியே நின்றேன்.

"விடியக்காலம் அஞ்சரைக்கு அண்ணே. பாப்பாவை எழுப்பாம சட்டையை மாட்டிக்கிட்டு ஓடியாந்தேன். இந்தப் பாலத்துக்கு வர்றப்ப ஆறு தாண்டிருச்சு, ஹர்த்தால் தொடங்கிருச்சு."

"அப்புறம்?"

"போற வண்டியெல்லாம் கையக் காட்டினேன். நாலஞ்சு டிரைவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஒருத்தரும் வரலை. அந்தா, அந்த மரத்தடியிலதான் நின்னேன். சாயந்திரம் ஆறு மணிக்கு மொத பஸ்."

"நீ போன்ல சொன்னே. நான்தான்..." என்று தொடங்கிய பெரியப்பா முடிக்கவில்லை.

இரண்டு பேரும் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, நாளைக்குக் காலை ஏழு மணிக்கே குமுளிக்கு வண்டி இருக்கிறது என்று நான் தகவல் சொன்னேன். அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். என்னிடம் கொடுக்கவில்லை, அவரிடமே நீட்டினார்.

"உள்ள வாடா. தலையத் துவட்டு."

அப்பா துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். தலையைத் துவட்டுவதற்கு அவ்வளவு நேரமா என்று எனக்குத் தோன்றுமளவுக்கு அந்தத் துண்டு முகத்திலேயே இருந்தது. பெரியப்பா அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு சாதாரண மழைமரம். எங்கள் ஊரில் பார்க்கத் தகுந்தவற்றில் அது சேராது.

திரும்பி வரும்போது எனக்கு மட்டும் குடை. அவர்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே முன்னால் நடந்தார்கள். மத்தியானம் கோழிக்குழம்பு. அப்பா இலையில் பெரியப்பாவே ஈரல் துண்டை எடுத்து வைத்தார். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினார்கள். அப்பத்தா வளர்த்த ஒரு மாட்டைப் பற்றிச் சிரித்தார்கள். ஆறு மணிக்கு பஸ் ஓடத் தொடங்கியும் பெரியப்பா கிளம்பவில்லை, திராட்சை வெட்டை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லி ஊருக்குப் போன் செய்தார். அம்மா தடுக்கவில்லை. என்னிடம் தபால் கொடுக்க ஆளே இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று கேட்கும்படி வெயில் அடித்தது. கடைகள் எல்லாம் திறந்திருந்தன. படகுகூட ஓடியது. எனக்கு வயிறு எரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் பாலத்தின் மேல் பெரியம்மா தூரத்தில் ஒரு கப்பலைப் பார்த்துவிட்டாள். அந்த ஒன்றுதான் ஆறுதல். பஸ் கிளம்பும்போது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் காட்ட முடியவில்லை பெரியப்பா என்று சொன்னேன்.

"அப்படியெல்லாம் சொல்லாத தாயி. பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன்" என்றார் அவர். என்னை அழவிடக் கூடாது என்று பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். மலையாளத்தில் எழுதிய என் தாளை, படிக்கத் தெரியாவிட்டாலும், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த சித்திரையில், ஆறு வருடத்துக்குப் பிறகு, நாங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போனோம். பெரியப்பா வீட்டு முன்னால் பந்தல் போட்டு, சொந்தபந்தமெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்தது. ஏலக்காய் ஏலத்தைக் கண்டுபிடித்த அந்தப் பங்காளியும் இருந்தார். கொச்சிக்குப் போனாயாமே, அங்கே என்ன பார்த்தாய் என்று அவர்தான் கேட்டார். பெரியப்பா அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து நின்றார். பந்தலில் கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"ஊரா அது? ஒரு டீக்கடை இல்ல. பின்கதவைக்கூடத் தள்ளிப் பார்த்தேன், பூட்டுத்தான். ஒரு பஸ் இல்ல, ஆட்டோ இல்ல, நடுரோட்டுல ஆடு படுத்துக் கிடக்குது. எழவு வீட்டுக்குப் போறேன்னு அழுதாலும் ஒரு பய வண்டி எடுக்க மாட்டான். இந்தக் கண்ணால பார்த்தேன். எமனே வந்தாலும் சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் பாலத்துக்கிட்ட மரத்தடியில நின்னுட்டுத்தான் வரணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரியப்பாவா இப்படி? பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன் என்று என்னிடம் இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டு, இத்தனை பேர் முன்னால் என் ஊர் மானத்தை வாங்குகிறாரே. நான் நடுப்பந்தலுக்கு ஓடிப்போய், மற்ற நாளெல்லாம் எல்லாம் திறந்திருக்கும், அரண்மனை இருக்கிறது, கப்பல் இருக்கிறது என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. என்னை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் வந்து உட்கார்ந்த இன்னொரு கூட்டத்துக்காக, ஒரு டீக்கடை இல்லை என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். பங்காளி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெரியப்பாவின் பிடியிலிருந்து நழுவி அப்பாவிடம் ஓடினேன். அப்பா மோர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல், தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நீங்களாவது சொல்லுங்கள் அப்பா என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் கை இல்லை. பாவம், என்னைப் போலவே அவருக்கும் ஊர் மானம் போனது பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வாளியின் பிடியில் இருந்த அவர் விரல்களைத் தடவிக்கொடுத்தேன்.